பத்தாம் வகுப்பு வடிவியல்: அம்மாபேட்டையிலும் ஏற்காட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து ஏற்காடு போய், உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிலரோடு உட்காருவேன். கீழே கேட்ட அதே சந்தேகம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அங்கேயும் காத்திருக்கும். வடிவியலில்தான் அது அதிகம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட அங்கே படத்தை மனப்பாடம் செய்துவிட்டு, எண் மாறியதும் தடுமாறி நிற்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் இதை எழுதிவைத்தேன்.

கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கியத்திலேயே இருக்கின்றன. படத்தின் எழுத்துகளை வாயால் சொல்கிறபடி ஏ, பி, சி என்று எழுதியிருக்கிறேன். தேர்வுத்தாளில் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே போடு.

"மிஸ், வடிவியலை விட்டுட்டு கிராஃப் மட்டும் பார்த்துக்கிட்டா பாஸ் ஆயிடலாங்களா?"

பாஸ் ஆகலாம். 100க்கு 35 எடுத்தால் போதும். ஆனால் கேள்வித்தாள் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய். ஒரு மார்க் 14 கேள்விகள், எல்லாமே எழுத வேண்டும். இரண்டு மார்க்கில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், ஐந்து மார்க்கிலும் அப்படியே. கடைசியில் எட்டு மார்க் இரண்டு. 43ஆவது கேள்வி வடிவியல் வரைதல், 44ஆவது வரைபடம். இரண்டிலும் 'அல்லது' உண்டு. ஆனால் அந்த 'அல்லது' வடிவியலுக்குள்ளேயே இரண்டில் ஒன்று. வடிவியலுக்குப் பதிலாக இன்னொரு கிராஃப் போட வழியில்லை.

அதனால் வடிவியலை விட்டால் எட்டு மார்க் முதலிலேயே போய்விடும். வடிவியல் இருக்கிற நான்காம் பாடத்திலிருந்து வரும் ஒரு மார்க், இரண்டு மார்க், ஐந்து மார்க் எல்லாம் அதற்கு மேல். 28ஆவதும் 42ஆவதும் கட்டாயக் கேள்விகள். அவை எந்தப் பாடத்திலிருந்தும் வரலாம். வரைதல் கேள்வியில் மொத்தம் ஏழெட்டு மாதிரிதான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் புரிந்துவிட்டால், கணக்குத் தாளிலேயே இவ்வளவு உறுதியாகக் கிடைக்கிற எட்டு மார்க் வேறு எங்கும் இல்லை.

"நான் எட்டாவதோட நின்னுட்டேனுங்க, தறி ஓட்டறேன். பொண்ணுக்கு நான் என்ன சொல்லிக்குடுக்க முடியும்?"

நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "என்ன குடுத்திருக்காங்க? என்ன கேட்டிருக்காங்க?" அவள் படத்தில் விரல் வைத்து, தமிழில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடுமாறாமல் சொல்லிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. எங்கே தடுமாறுகிறாளோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து என்னிடம் அனுப்புங்கள்.

இன்னொன்று, உங்கள் தறியிலேயே ஒரு தேற்றம் இருக்கிறது. பாவு நூல்கள் சம இடைவெளியில் இணையாக ஓடுகின்றன அல்லவா? அதன் மேல் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சாய்த்தாலும் நூல்கள் அந்த ஸ்கேலைச் சம துண்டுகளாகத்தான் வெட்டும். சாய்வு கூடக் கூட ஒவ்வொரு துண்டும் நீளும், ஆனால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் நீளும். தேல்ஸ் தேற்றம் என்று புத்தகத்தில் இருப்பதன் உயிர் இதுதான். கீழே அளவு காரணி பற்றிச் சொல்லும்போது இந்தப் பாவுக்குத் திரும்ப வருவேன்.

"காம்பஸ் எப்பப் பார்த்தாலும் நழுவுது மிஸ்."

திருகாணியை இறுக்கு. பென்சில் முனையும் ஊசி முனையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தாளுக்கு அடியில் நாலைந்து தாள் வைத்துக்கொண்டால் ஊசி ஊன்றி நிற்கும். தேர்வுக்கு முதல் நாள் புதுப் பெட்டி வாங்காதே, கை பழகிய பழைய காம்பஸே நல்லது.

"ரஃப் படம் எதுக்கு? நேரா ஒரிஜினலையே போட்டுடலாமே?"

கேள்வியை நீ எப்படிப் புரிந்துகொண்டாய் என்று முதலில் உனக்கே காட்டுவது உதவிப்படம்தான். 'அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 50°' என்று படித்த கையோடு அடிப்பக்கத்தின் ஓரத்தில் 50° வரைந்துவிடுகிற பிள்ளைகள் நிறைய. உச்சிக்கோணம் என்றால் மேலே, அடிப்பக்கத்துக்கு எதிரில் இருக்கிற கோணம். உதவிப்படத்தில் 50° என்று உச்சியில் எழுதிவிட்டால் இந்தத் தப்பு நடக்காது.

உதவிப்படத்துக்கு அளவு வேண்டாம், கையாலேயே போடு. ஆனால் கொடுத்த ஒவ்வொரு எண்ணும் அதில் ஏறியிருக்க வேண்டும். கேள்வியில் மூன்று எண் இருந்து படத்தில் இரண்டுதான் ஏறியிருந்தால், எதையோ இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

"வடிவொத்த முக்கோணம்னு தெரியுது மிஸ், ஆனா விகிதம் எழுதினா தப்பாவே வருது."

எழுத்து வரிசையைக் கவனிப்பதில்லை, அதுதான் காரணம். வடிவொத்தவை என்றால் கோணங்கள் சமம், பக்கங்கள் ஒரே விகிதம். முக்கோணம் ஏபிசி, முக்கோணம் பிகியூஆர் இரண்டும் வடிவொத்தவை என்று எழுதும்போதே, முதல் பெயரின் முதல் எழுத்துக் கோணமும் இரண்டாவது பெயரின் முதல் எழுத்துக் கோணமும் சமம், அடுத்ததும் அடுத்ததும் சமம் என்று சொல்லியாகிவிட்டது. எந்தக் கோணம் எதற்குச் சமம் என்று படத்தில் வளைவுக் குறி போட்டுவிட்டு, பிறகு அந்த வரிசையில் பெயரை எழுது. பெயர் சரியாக அமைந்தால் படத்தைப் பார்க்கவே வேண்டாம். முதல் இரண்டு எழுத்துக்குக் கீழே முதல் இரண்டு எழுத்து, கடைசி இரண்டுக்குக் கீழே கடைசி இரண்டு. விகிதம் தானாக வரும்.

"ஏடி 3, டிபி 2. அப்ப டிஇக்கும் பிசிக்கும் விகிதம் 3/2 தானே?"

இல்லை, 3/5. இந்த ஒரு இடத்தில் ஒவ்வொரு வருடமும் மார்க் போகிறது, அதனால் நிதானமாகப் படி.

முக்கோணம் ஏபிசியில் டிஇ என்ற கோடு பிசிக்கு இணை. பக்கங்கள் வெட்டுப்படுகிற துண்டுகளைப் பேசினால் ஏடி/டிபி = ஏஇ/இசி = 3/2. அது சரி. ஆனால் டிஇ, பிசி இரண்டும் துண்டுகள் அல்ல. டிஇ சின்ன முக்கோணத்தின் அடி, பிசி பெரிய முக்கோணத்தின் அடி. அவற்றை ஒப்பிட்டால் பக்கத்திலும் சின்ன முக்கோணத்தின் முழுப் பக்கத்தையும் பெரிய முக்கோணத்தின் முழுப் பக்கத்தையும்தான் எடுக்க வேண்டும். ஏடி 3, ஏபி 3+2 = 5. ஆக 3/5.

இதிலிருந்தே பரப்பும் வரும். பரப்பின் விகிதம் பக்க விகிதத்தின் வர்க்கம், அதாவது 9/25. பெரிய முக்கோணத்தின் பரப்பு 75 ச.செ.மீ. என்றால் சின்னது 27. கீழே மிஞ்சுகிற சரிவகம் 75 − 27 = 48. சரிவகத்தைக் கேட்டிருக்கும்போது 27 என்று எழுதிவிட்டு வராதே. "என்ன கேட்டிருக்காங்க?" என்று உன் அப்பா கேட்பதாக நினைத்துக்கொள்.

"அளவு காரணி 7/4னா எத்தனை புள்ளி வைக்கறது? எதைச் சேர்க்கறது?"

அளவு காரணி என்பது புது முக்கோணத்தின் பக்கம் பழையதைப் போல் எத்தனை மடங்கு என்பது. இரண்டு எண்ணில் பெரியது எதுவோ அத்தனை புள்ளி. 7/4க்கு ஏழு, 2/3க்கு மூன்று. அடிப்பக்கத்தின் ஓரம் பியிலிருந்து கீழே சாய்வாக ஒரு கதிர் வரைந்து சம தூரத்தில் புள்ளிகளை வை. கீழே உள்ள எண் உன்னிடம் ஏற்கனவே இருக்கிற முக்கோணத்துக்கு உரியது. அதனால் 7/4க்கு நான்காவது புள்ளியைச் சியோடு சேர். மேலே உள்ள எண் புது முக்கோணத்துக்கு உரியது. அதனால் ஏழாவது புள்ளி வழியாக அந்தக் கோட்டுக்கு இணையாக ஒரு கோடு. அது நீட்டிய பிசியை வெட்டுகிற இடம் புதுச் சி. அங்கிருந்து சிஏக்கு இணையாக வரைந்தால் நீட்டிய பிஏயில் புது ஏ கிடைக்கும்.

ஏன் இப்படி? தறியில் பார்த்த பாவு நூல்கள்தான் இவை. கதிரில் ஏழு சம துண்டு, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இணைகோடு போகிறது என்று நினைத்துக்கொள். அவை அடிப்பக்கக் கோட்டையும் ஏழு சம துண்டாக வெட்டும். அதில் நாலு துண்டு பழைய அடிப்பக்கம், ஏழு துண்டு புதியது. காரணி 1ஐ விடப் பெரிது என்றால் புது முக்கோணம் வெளியே வளரும், சிறிது என்றால் உள்ளே அடங்கும். வரையத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிப் பார்.

"உச்சிக்கோணம் மேல இருக்கு. ஆனா ஏன் மிஸ் அடிப்பக்கத்துக்குக் கீழ கோணம் வரையறோம்?"

கேட்டதற்கே சந்தோஷப்பட்டேன். இந்த 'ஏன்' தெரியாமல் படிகளை மனப்பாடம் செய்பவர்கள்தான் அழுத்தமான நேரத்தில் மறந்துபோகிறார்கள்.

முதலில் ஒரு காரியம் செய். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 50° கோணம் உள்ள ஒரு துண்டை வெட்டிக்கொள். பலகையில் தாளை வைத்து 6 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்து. அட்டைத் துண்டின் இரண்டு விளிம்பும் இரண்டு ஊசியைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி அதை நகர்த்தி, கூர்முனை இருக்கிற இடத்தில் எல்லாம் புள்ளி வை. பத்துப் பதினைந்து புள்ளி வைத்ததும் தெரியும், அவை ஒரு வட்டத்தின் வில். 6 செ.மீ. அடிப்பக்கத்தை 50° கோணத்தில் பார்க்கிற இடங்கள் எல்லாம் ஒரே வட்டத்தில்தான் இருக்கின்றன. ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது இதுதான். ஆக, அடிப்பக்கம் பிசி என்று வைத்தால், உச்சி ஏயைத் தேடுகிற வேலை அந்த வட்டத்தைத் தேடுகிற வேலையாக மாறிவிடுகிறது.

அந்த வட்டத்தின் மையம் எங்கே? மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் உதவிக்கு வருகிறது. நாணுக்கும் தொடுகோட்டுக்கும் இடையே உள்ள கோணம், நாணின் மறுபக்கத்து வட்டத்துண்டில் அமையும் கோணத்துக்குச் சமம். ஏ மேலே இருப்பதால் தொடுகோடு கீழே போக வேண்டும். அதனால்தான் பியில், பிசிக்குக் கீழே 50° வரைகிறோம். அந்தக் கோடு இன்னும் வரையாத வட்டத்தின் தொடுகோடு. தொடுகோட்டுக்குச் செங்குத்தாக ஆரம் இருக்கும், எனவே பியில் அதற்கு 90° வரைந்தால் மையம் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. மையம் பிக்கும் சிக்கும் சம தூரம், எனவே பிசியின் மையக்குத்துக்கோட்டிலும், அதாவது பிசியின் நடுவில் செங்குத்தாக நிற்கிற கோட்டிலும், இருக்கிறது. இரண்டும் வெட்டுகிற இடம் ஓ. ஓவை மையமாக, ஓபியை ஆரமாக வைத்து வட்டம் போடு.

சரியாக வந்ததா என்று பார்க்க ஓர் எண் தருகிறேன். 6 செ.மீ., 50° என்றால் மையம் அடிப்பக்கத்துக்கு மேலே சுமார் 2.5 செ.மீ., ஆரம் சுமார் 3.9 செ.மீ.

"குத்துயரம், நடுக்கோடு, கோண இருசமவெட்டி, மூணும் குழப்புது."

வட்டம் போடுவது வரை மூன்றுக்கும் ஒரே வேலை. அதற்குப் பிறகுதான் மாறும். வட்டத்தில் எந்தப் புள்ளி ஏ என்று மூன்றாவது தகவல் சொல்கிறது.

குத்துயரம் 4.5 செ.மீ. என்றால், அடிப்பக்கத்திலிருந்து ஏ 4.5 உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் இருக்கிற புள்ளிகள் எல்லாம் சேர்ந்தால் பிசிக்கு இணையான ஒரு கோடு. ஆகவே மையக்குத்துக்கோட்டில், அடிப்பக்கத்திலிருந்து 4.5 அளந்து, அங்கே இணைகோடு வரை. ஓவிலிருந்து அளந்துவிடாதே, அந்தத் தப்பை நிறையப் பார்க்கிறேன். நடுக்கோடு என்றால், பிசியின் நடுப்புள்ளியிலிருந்து ஏ ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்கிறது. ஒரு புள்ளியிலிருந்து சம தூரம் என்றாலே வில்தான், எனவே நடுப்புள்ளியில் காம்பஸ் ஊன்றி வில் போடு.

இருசமவெட்டிக்கு, அது பிசியைத் தொடுகிற இடம் டி கொடுக்கப்பட்டிருக்கும். மையக்குத்துக்கோடு வட்டத்தைக் கீழே வெட்டுகிற புள்ளியை ஐ என்று வை. ஐயையும் டியையும் சேர்த்து மேலே நீட்டினால் வட்டத்தில் ஏ கிடைக்கும். ஐ என்பது கீழ் வில்லின் நட்ட நடுப்புள்ளி. சம விற்கள் ஏயில் சம கோணத்தைத் தாங்கும், அதனால் ஏயின் கோணம் சரிபாதியாகப் பிரிகிறது.

"இணைகோடு வட்டத்தை ரெண்டு இடத்துல வெட்டுதே, எது ஏ?"

எது வேண்டுமானாலும். இரண்டு முக்கோணமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம், சர்வசமமானவை. ஒன்றை வரைந்து, இன்னொன்றைப் புள்ளியாகக் குறித்து, அதுவும் விடைதான் என்று வரைமுறையில் ஒரு வரி எழுது.

"கோடு வட்டத்தையே தொடலை மிஸ். கேள்வி தப்புங்களா?"

கேள்வியைச் சந்தேகிக்கும் முன் பாகைமானியைப் பார். அதில் இரண்டு வரிசை எண் இருக்கிறது. 50க்கு நேராக இன்னொரு வரிசையில் 130 இருக்கும். வரிசை மாறி 130° வரைந்துவிட்டால் மையம் அடிப்பக்கத்துக்குக் கீழே இறங்கிவிடும், வட்டம் அடிப்பக்கத்துக்கு மேலே 1.4 செ.மீ. மட்டும்தான் எட்டிப் பார்க்கும். 4.5 உயரத்தில் வரைந்த கோடு அதை எப்படித் தொடும்? சரியாக வரைந்திருந்தால் அந்த வட்டம் 6.4 செ.மீ. உயரம் வரை போகும்.

பொதுவாக நினைவில் வைத்துக்கொள்: உச்சிக்கோணம் குறுங்கோணம் என்றால் மையம் மேலே, விரிகோணம் என்றால் மையம் கீழே, 90° என்றால் மையம் அடிப்பக்கத்திலேயே. இதே சிந்தனையில் நடுக்கோட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. உச்சிக்கோணம் குறுங்கோணம் என்றால் நடுக்கோடு அடிப்பக்கத்தில் பாதியை விட நீளம், விரிகோணம் என்றால் பாதியை விடக் குறைவு, 90° என்றால் சரியாகப் பாதி. வரைந்து முடித்ததும் இதை ஒரு நொடி பார்த்தால் தப்பு தானே வெளியே வரும்.

"வெளிப்புள்ளியிலிருந்து தொடுகோடு ஈஸி. ஆனா மையத்தைப் பயன்படுத்தாமன்னு கேட்டா என்ன பண்றது?"

ஈஸி என்று சொல்வதில் ஒரு வரி பாக்கி இருக்கிறது: சரிபார்த்தல். ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து புள்ளி 7 செ.மீ. தூரம் என்று வை. மையத்தையும் புள்ளியையும் சேர்த்த கோட்டின் நடுவில் இன்னொரு வட்டம் போடுகிறாய். அரைவட்டத்தில் அமையும் கோணம் 90° என்பதால், இரண்டு வட்டமும் வெட்டுகிற இடத்தில் ஆரமும் தொடுகோடும் செங்குத்தாக அமைகின்றன. எனவே தொடுகோட்டின் நீளம் √(49 − 9) = √40, சுமார் 6.3 செ.மீ. ஸ்கேலில் அளந்து 6.3 வந்தால் நிம்மதி. வேறு ஏதாவது வந்தால் அழிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

மையம் இல்லாமல் என்றால் உச்சிக்கோணக் கேள்வியில் சொன்ன அதே மாற்று வட்டத்துண்டுத் தேற்றம். வட்டத்தில் தொடுபுள்ளியிலிருந்து ஒரு நாண் வரை. பெரிய வில்லில் எங்காவது ஒரு புள்ளி எடுத்து நாணின் இரண்டு முனையோடும் சேர். அங்கே உண்டான கோணத்தைத் தொடுபுள்ளியில், நாணின் மறுபக்கத்தில் பிரதி எடு. மறுபக்கம் என்பதை மறந்து அதே பக்கத்தில் வரைந்தால் கோடு வட்டத்துக்குள்ளே பாய்ந்துவிடும், பார்த்ததுமே தெரியும்.

"தேற்றத்தை எல்லாம் வரி மாறாம மனப்பாடம் பண்ணணுமா?"

கூற்றை மட்டும் பண்ணு. நிரூபணத்தை வேண்டாம். ஒவ்வொரு நிரூபணத்திலும் திறவுகோல் ஒன்றுதான், அது பெரும்பாலும் 'அமைப்பு' என்ற வரியில் இருக்கும். பிதாகரஸுக்கு, செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்து. கோண இருசமவெட்டித் தேற்றத்துக்கு, சி வழியாக ஏபிக்கு ஓர் இணைகோடு, அது நீட்டிய ஏடியைச் சந்திக்கிறது. இந்த ஒரு கோட்டை நினைவில் வைத்தால் மீதி உன் கையில் வரும்.

உதாரணமாகப் பிதாகரஸ். ஏ செங்கோணம், ஏயிலிருந்து பிசிக்குச் செங்குத்து ஏடி. இப்போது பெரிய முக்கோணமும் இரண்டு சின்ன முக்கோணங்களும் வடிவொத்தவை. ஒன்றிலிருந்து ஏபி² = பிசி × பிடி, இன்னொன்றிலிருந்து ஏசி² = பிசி × டிசி. கூட்டு. வலப்பக்கம் பிசியைப் பொதுவாக எடுத்தால் அடைப்புக்குள் பிடி + டிசி, அதுவும் பிசிதான். முடிந்தது. இதை இரண்டு முறை உன் சொந்த வார்த்தையில் எழுதிப் பார்த்தவளுக்கு மறக்காது. இருபது முறை பார்த்து எழுதியவளுக்கு மறந்துபோனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"சீவா தேற்றத்துல எது மேல எது கீழ?"

ஏ, பி, சி மூன்று உச்சியிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்கு வரைந்த கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும்போது வருகிற தேற்றம் இது. அவை பிசி, சிஏ, ஏபி பக்கங்களைத் தொடுகிற இடங்கள் முறையே டி, இ, எஃப். முக்கோணத்தைச் சுற்றி நட. ஏயிலிருந்து கிளம்பி பி, பியிலிருந்து சி, சியிலிருந்து திரும்ப ஏ. ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் வருகிற துண்டு மேலே, அடுத்தது கீழே. மூன்று பின்னத்தின் பெருக்கல் 1. பாதியில் திசை மாறக் கூடாது, அவ்வளவுதான்.

ஏஎஃப் 5, எஃப்பி 2, பிடி 7, டிசி 10, பக்கம் ஏசி 11 என்று கொடுத்து, கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்றால்: 5/2 × 7/10 = 7/4, எனவே சிஇ/இஏ = 4/7. நாலும் ஏழும் பதினொன்று, ஆக சிஇ 4, இஏ 7.

"ஆயத்தொலை வடிவியலும் இதுவும் ஒண்ணுதானே?"

ஒரே பொருளை எண்ணால் பார்ப்பது அது. அங்கே போகிற மார்க் பெரும்பாலும் ஒரே இடத்தில்: நாற்கரத்தின் புள்ளிகளைக் கொடுத்த வரிசையிலேயே பரப்புச் சூத்திரத்தில் போட்டுவிடுவது. முதலில் சின்னதாக அச்சு வரைந்து புள்ளிகளைக் குறித்து, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் வரிசைப்படுத்து.

"வர்க்கமூலமே இல்லாம கர்ணம் கண்டுபிடிக்கற பழைய தமிழ் வழி வாட்ஸ்அப்ல வந்துச்சு. எழுதலாங்களா?"

அந்த வழி இது: நீளமான பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம். 3, 4க்குப் போட்டால் 4 − 0.5 + 1.5 = 5. சரி. 5, 12க்கு 12 − 1.5 + 2.5 = 13. அதுவும் சரி. இதைப் பார்த்து வியக்கிற பிள்ளைகளின் முகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அடுத்த எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டும். 8, 15க்கு 17.125 வருகிறது, உண்மையான கர்ணம் 17. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.375 வருகிறது, உண்மையில் √2, அதாவது சுமார் 1.414.

ஆக இது தோராயம். மரவேலையில் கையில் காகிதம் இல்லாதபோது நல்ல உதவி. தேர்வில் எழுதக் கூடாது, ஏனென்றால் சில எண்ணுக்கு மட்டும் பொருந்துவது தேற்றம் ஆகாது. பிதாகரஸ் தேற்றம் எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் பொருந்தும் என்பதற்கு மேலே நிரூபணம் இருக்கிறது. இந்த வழிக்கு அப்படி ஒன்று இருக்கவே முடியாது.

"எங்க தோட்டம் சரிவுல இருக்கு மிஸ். நிழலை வச்சு மரத்தோட உயரம் கண்டுபிடிக்கறது அங்க பொய்யாயிடுமா?"

ஏற்காட்டில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே வீடு உள்ள ஒரு பெண் கேட்டது இது. நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

சமதரையில் கணக்கு சுலபம். 1 மீட்டர் குச்சியின் நிழல் 0.8 மீட்டர், அதே நேரத்தில் சில்வர் ஓக் மரத்தின் நிழல் 12 மீட்டர். 12 ÷ 0.8 = 15, மரம் 15 மீட்டர். புத்தகத்துப் படத்தில் தரையும் மரமும் செங்கோணம், அதனால் செங்கோணம் இருந்தால்தான் இது செல்லும் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம். வடிவொத்தமைக்குச் செங்கோணம் தேவையே இல்லை. இரண்டு கோணங்கள் சமமாக இருந்தால் போதும்.

சரிவில் பார். மரம் நேர் செங்குத்தாக நிற்கிறது. குச்சியையும் நேர் செங்குத்தாக நிறுத்தினால், இரண்டுக்கும் சரிவோடு உள்ள கோணம் ஒன்றே. அது 90° இல்லை, ஆனால் இரண்டிலும் ஒரே அளவு. சூரியக் கதிர்கள் இணை, அதனால் உச்சியில் உள்ள கோணமும் ஒன்றே. இரண்டு கோணம் சமம், முக்கோணங்கள் வடிவொத்தவை, கணக்கு செல்லும். சரிவில் குச்சியின் நிழல் 1.1 மீட்டர், மரத்தின் நிழல் 16.5 மீட்டர் என்று வந்தால் 16.5 ÷ 1.1, அதே 15.

கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு. குச்சியை வீட்டு முற்றத்துச் சமதரையில் நட்டு 0.8 என்று எடுத்துக்கொண்டு, மரத்தின் நிழலைச் சரிவில் அளந்து 16.5 என்று எடுத்தால், 16.5 ÷ 0.8, இருபது மீட்டருக்கு மேல் வந்துவிடும். இன்னொன்று, குச்சியைச் சரிவுக்குச் செங்குத்தாக நட்டுவிடுவது. சரிவில் நிற்கும்போது கண் அப்படித்தான் ஏமாற்றும். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலோடு குச்சி ஒட்டி நிற்கும்படி நடு. மரத்தின் நிழல் விழுகிற அதே சரிவில், அதே நேரத்தில், தரையோடு ஒட்டி நாடாவைப் பிடித்து இரண்டு நிழலையும் அள.